எலி மருந்துக்கு முன்னால் பூச்சி மருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமங்களில் எலி ஒழிப்பு பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எலியை ஒழித்தால் பயிரும் பிழைக்கும், பிளேக் பயமும் தீரும் என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். பயிர் விஷயம் சரி. பிளேக் விஷயத்தை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

பெங்களூரிலிருந்து கிளம்பி கோலார், முல்பாகல், ஓசூர் பக்கத்துக் கிராமங்களில் பல ஆண்டுகள் எலிப்பொறி வைத்தவன் நான். கர்நாடகம், தமிழ்நாடு, ஆந்திரம் மூன்றும் கூடும் இந்த வட்டாரம் பிளேக்கின் பழைய இருப்பிடம். பெங்களூரில் பிளேக் கண்காணிப்புப் பிரிவு இன்றும் இருப்பது இதனால்தான். சாயங்காலம் பொறி வைப்போம், விடியும்போது எடுப்போம். சிக்கிய எலியைத் துணிப்பையில் இட்டு, மயக்கி, வெள்ளைத் தட்டின் மேல் பிடித்துச் சீப்பால் வாருவோம். உதிரும் தெள்ளுப்பூச்சிகளை எண்ணிக் குறித்துக்கொள்வோம். ஒருநாள் பொறிக்குள்ளேயே ஓர் எலி செத்துக் கிடந்தது. பையை அவிழ்த்தபோது உடல் சில்லிட்டிருந்தது. பூச்சிகளோ எலியின் மேல் இல்லை. பையின் வாய்த் தையலில் ஏறி நின்றுகொண்டிருந்தன. சூடு போன உடலில் அவை ஒரு நாழிகைகூடத் தங்க விரும்புவதில்லை.

கட்டுரையில் விடுபட்டது இதுதான். பிளேக் கிருமி பெருகித் தெள்ளுப்பூச்சியின் இரைப்பை வாயை அடைத்துவிடும். குடித்த இரத்தம் உள்ளே இறங்காது. பசி தாளாமல் அது கடித்துக்கொண்டே இருக்கும், கடித்த இடத்தில் கிருமியைக் கக்கும். எலி உயிரோடு இருக்கும்வரை அதன் மேலேயே இருக்கும். எலி செத்தால் அடுத்த உடலைத் தேடும். அந்த உடல் இன்னோர் எலியாகவும் இருக்கலாம், திண்ணையில் படுத்திருக்கும் குழந்தையாகவும் இருக்கலாம். பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டறிந்தது 1898இல். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் பிளேக் ஹூப்ளி பக்கத்திலிருந்து ரயிலேறி பெங்களூருக்குள் நுழைந்தது. நான் குடியிருக்கும் புலிகேசி நகர், அதாவது பழைய ஃப்ரேசர் டவுன், அந்தப் பேரழிவுக்குப் பின் கண்டோன்மென்ட் நெரிசலைக் குறைக்க எழுந்த பேட்டை.

வயலில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தரிசிலும் கரட்டிலும் வளை தோண்டி வாழ்வது வெள்ளெலி. கிருமி தொற்றினாலும் அது வீட்டெலியைப் போலக் கூட்டமாகச் சாவதில்லை. ஆகவே கிருமி அதனிடம் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட முடிகிறது. வெள்ளெலி ஊருக்குள் வருவது அபூர்வம். ஆனால் வரப்பில் வாழும் கரம்பை எலி அதன் வளைக்குள் போய்வரும், பூச்சியையும் ஏற்றிக்கொள்ளும். கேழ்வரகு அறுத்து வயல் வெறுமையானதும் கரம்பை எலி களத்துமேட்டுக்கும் வைக்கோல் போருக்கும் நகர்கிறது. அங்கே கூரையிலிருந்து இறங்கி வரும் வீட்டெலியைச் சந்திக்கிறது. காட்டிலிருந்து அடுப்படிவரை கிருமி இப்படித்தான் கைமாறுகிறது. தூரத்து ஊர்களுக்கு எலி நடந்து போக வேண்டியதில்லை. தானிய மூட்டையும் லாரியும் போதும்.

ஆகவே, பிளேக் நடமாட்டம் உள்ள இடத்தில் எடுத்த எடுப்பில் எலி மருந்து வைப்பது ஆபத்து. ஒரே இரவில் ஐம்பது எலி செத்தால், அவற்றின் பூச்சிகள் அத்தனையும் வீடற்றுப் போகும். முதலில் வளையிலும் எலி ஓடும் தடத்திலும் பூச்சிக்கொல்லித் தூள் தூவ வேண்டும். எலி மருந்து அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றவே கூடாது. உங்கள் கட்டுரை மருந்து உருண்டை செய்யும் விதத்தை விவரமாகச் சொல்லிவிட்டு, இந்த வரிசையைச் சொல்லாமல் விட்டது எனக்குப் பெரும் வருத்தம்.

பிளேக்கெல்லாம் பழைய கதை என்று சிலர் நினைக்கலாம். மகாராஷ்டிரத்தில் 1993 செப்டம்பரில் கில்லாரி பூகம்பம் வந்தது. பீட் மாவட்டத்திலும் மக்கள் தானியத்தை அப்படியே விட்டுவிட்டு வீடுகளைக் காலி செய்தார்கள், எலி பெருகியது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 1994 ஆகஸ்டில் மாம்லா கிராமத்தில் முதலில் எலிகள் செத்து விழுந்தன. மனிதர்களுக்கு நெறி கட்டிக் காய்ச்சல் கண்டது அதன் பிறகு. 2004இல் உத்தரகாசி மலைக்கிராமம் ஒன்றிலும் பிளேக் வந்தது.

எலி செத்து விழுவதன் பொருளை எங்கள் பாட்டிமார் அறிந்திருந்தார்கள். உத்தரத்திலிருந்து எலி விழுந்தால் பண்டபாத்திரத்தோடு வயல்காட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார்கள் என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று கொட்டகைக்குப் போக வேண்டாம். உங்கள் பத்திரிகை ஓசூர், கிருஷ்ணகிரி கிராமங்களுக்கும் போகிறது. அறுவடை தொடங்குமுன் இதை மட்டும் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள்: மருந்து வைக்காமலேயே எலிகள் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். அந்த வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டினால் மருத்துவரிடம் எலி செத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே கொடுத்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற சாதாரண மருந்திலேயே இந்த நோய் குணமாகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதாரக் களப்பணியாளர்,
புலிகேசி நகர், பெங்களூரு