பனிக்காலத்தில் இன்குபேட்டரில் (குஞ்சு பொரிக்கும் பெட்டியில்) கோழி முட்டை வைப்பவர்கள் கவனத்துக்கு

குழு உறவுகளுக்கு வணக்கம். ஊட்டி, கோத்தகிரி பக்கம் உறைபனி விழும் நேரத்தில் பலரும் முட்டை வைக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

இன்குபேட்டரைத் தகரக் கொட்டகையில் வைக்க வேண்டாம். வீட்டுக்குள், ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள். விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி. மலையில் காற்றழுத்தம் குறைவு, முட்டையின் ஈரம் சீக்கிரம் ஆவியாகும். தண்ணீர்த் தட்டு வற்றவே கூடாது. அதற்காகக் காற்றுத் துளையை அடைத்துவிடாதீர்கள், உள்ளே வளரும் குஞ்சுக்கு மூச்சு வேண்டும். கரண்ட் போனால் திறந்து பார்க்காமல், துளையை மட்டும் விட்டுக் கம்பளி போர்த்துங்கள்.

7ஆம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திக் கால் மாதிரி சிவப்பு நரம்பு ஓடினால் கரு இருக்கிறது. வெறுமனே தெளிவாகத் தெரிவதை எடுத்துவிடலாம். 18ஆம் நாள் முட்டைகளைத் திருப்பிவிடுவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65-70 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். 21ஆம் நாள் ஓடு கீறும்போது கை துறுதுறுக்கும். தயவுசெய்து பிரித்துவிடாதீர்கள், நரம்பில் ரத்தம் கசிந்தால் குஞ்சு பிழைக்காது.

குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். பல்புக்கடியில் குவிந்து கிடந்தால் சூடு போதவில்லை, ஓரத்தில் ஒதுங்கினால் அதிகம். தெர்மாமீட்டரைவிட நான் இதைத்தான் நம்புவேன்.

முதல் வாரத்திலேயே வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்புச் சொட்டு மருந்து போட்டாக வேண்டும். குப்பியைக் கலக்கினால் உடனே தீர்க்கணும் என்பதால், பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து வாங்குங்கள். வேண்டியவர்கள் ஊர்ப் பெயரோடு இங்கேயே சொல்லுங்கள்.