பதக்கத்தை வாங்குமுன் ஆளை எழுதி வை, ராசா

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். மழை விட்டு முத்தையன்கட்டுப் பக்கம் வயலெல்லாம் பச்சையாகக் கிடக்கிறது. அம்மாவின் முழங்கால் நோவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதைப் பற்றி அவ தனியாக உனக்குச் சொல்லுவா.

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். உங்கள் தெருவில் இருக்கிற அந்தக் கனடா ஐயா இரண்டாம் உலகப் போரில் பெற்ற தன்னுடைய பதக்கங்களை உனக்கு விலைக்குத் தர விரும்புகிறார், வாங்கட்டா என்று கேட்டிருந்தாய். கோல் எடுத்து இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விசயம் இல்லை என்பதால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். படை, பட்டாளம் பற்றி எனக்குப் பெரிய அறிவு கிடையாது. ஆனால் உலோகம் தெரியும். கையில் இருக்கிற சாமானை விற்க வருகிற மனிதரையும் தெரியும். பட்டறையில் இருந்தவனுக்கு இந்த இரண்டும் தெரியாமல் இருக்க முடியாது.

மூன்று நட்சத்திரம், மூன்று வட்டம். 1939–45 நட்சத்திரம், இத்தாலி நட்சத்திரம், பிரான்ஸ்–ஜெர்மனி நட்சத்திரம், அப்புறம் பாதுகாப்புப் பதக்கம், கனடாவின் தொண்டர் சேவைப் பதக்கம், கடைசியில் போர்ப் பதக்கம். அந்த ஐயா சட்டத்தில் மாட்டி வைத்திருக்கிற வரிசையும் சரியான வரிசைதான். நட்சத்திரங்கள் செம்புக் கலப்பு. வட்டமான மூன்றும் கனடாவில் வெள்ளியில் அடித்தவை. அதே போர்ப் பதக்கத்தைப் பிரித்தானியா தன்னுடைய ஆட்களுக்குச் செம்பும் நிக்கலும் கலந்துதான் கொடுத்தது. தொண்டர் பதக்கத்தில் ஏழு பேர் நடந்து போகிறார்களே, பார்த்தாயா? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் பெண்களும் இருக்கிறார்கள், ஒருத்தி தாதி. இது அச்சில் அடித்த வேலை, வார்ப்பு இல்லை என்று படத்திலேயே தெரிகிறது. வார்த்த போலியில் முகமும் மடிப்பும் சவர்க்காரக் கட்டி போல மழுங்கிக் கிடக்கும், உருவம் இல்லாத வெறும் பரப்பில் ஊசிக் குத்து மாதிரிப் பள்ளம் இருக்கும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அளவும் ஒரு நூல் குறையும். போர்ப் பதக்கத்தின் குறுக்களவு 36 மில்லிமீற்றர். அளந்து பார். ஆனாலும் நீ அவருடைய கையிலிருந்தே வாங்கப் போகிறாய் என்பதால் போலியைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம் இல்லை.

என் பயம் வேறு. அந்த ஆறில் ஒன்றிலாவது அவருடைய பெயர் இருக்கிறதா என்று விளிம்பைச் சுற்றிப் பார்த்தாயா? இருக்காது. முதலாம் உலகப் போரில் கொடுத்த வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் படைவீரனின் இலக்கம், பெயர், படைப்பிரிவு எல்லாம் அடித்திருப்பார்கள். 1980 அளவில் வெள்ளி விலை ஏறியபோது அவற்றில் கனக்க உருக்குச் சட்டிக்குள் போய்விட்டன. அத்தனை பெயரும் அதோடு போயிற்று. இரண்டாம் போருக்கு வரும்போது பிரித்தானியாவும் கனடாவும் பெயர் அடிப்பதையே விட்டுவிட்டன. அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா போன்ற சில நாடுகள்தான் தங்கள் ஆட்களுக்குப் பெயர் அடித்துக் கொடுத்தன. ஆகவே அந்த ஐயாவின் பதக்கம் அவருடைய மேசையில் இருக்கும் மட்டும்தான் அவருடையது. உன் வீட்டுக்கு வந்த அன்றைக்கே அது யாருடையதோ ஆகிவிடும், நீ எழுதி வைக்காவிட்டால்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. நீ சின்னனில் 'பீரங்கி அப்பு' என்று கூப்பிடுகிற கிழவரை நினைவிருக்கும். இலங்கைக் காவற் பீரங்கிப் படையில் திருகோணமலையில் இருந்தவர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் திருகோணமலைக்குக் குண்டு போட்டதையும், சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்று நாட்கணக்கில் எரிந்ததையும், அந்தப் புகைக்குப் பகலில் வெளிச்சமே தெரியாமல் போனதையும் திண்ணையில் இருந்து சொல்லுவார். அன்றைக்குத்தான் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலையும் தாட்டார்கள். சண்டை முடிந்த பிறகு இரண்டு பதக்கம் ஒரு மட்டைப் பெட்டிக்குள் தபாலில் வந்ததாம். பெட்டியின் மேல்தான் அவருடைய பெயர் இருந்ததாம். பதக்கத்தில் ஒன்றும் இல்லை.

அப்பு சமாதான காலத்திலேயே கண்ணை மூடிவிட்டார். பிறகு அவருடைய மகள் விசுவமடுவில் இருந்து ஓடினா, புதுக்குடியிருப்பில் இருந்து ஓடினா, முள்ளிவாய்க்கால் வரைக்கும் அந்தப் பதக்கங்களைக் காணி உறுதியோடும் பிறப்புப் பத்திரங்களோடும் ஒரே பொலித்தீன் பைக்குள் கட்டிக்கொண்டு போனா. கூட ஒரு படமும் இருந்தது. இளந்தாரி அப்பு, அரைக் காற்சட்டையும் தொப்பியுமாக, பக்கத்தில் பீரங்கி. வட்டுவாகல் பாலத்துக்குக் கிட்ட வரும்போது சனம் கையில் கிடந்ததை எல்லாம் வீசிக்கொண்டு வந்தது உனக்குத் தெரியும். சீருடையோடு ஒருவர் நிற்கிற படம் என்றால் அது எந்தக் காலத்துச் சீருடை என்று ஆர் நின்று கேட்கப் போகிறார்கள்? அவ அந்தப் படத்தைக் கிழித்து நீருக்குள் போட்டுவிட்டா. மட்டைப் பெட்டி எங்கேயோ ஒரு பங்கருக்குள் நனைந்து கரைந்துவிட்டது.

செட்டிகுளம் முகாமில் இருந்து வந்து குடியேறிய பிறகு அந்த இரண்டையும் என்னிடம் கொண்டுவந்தா. வெள்ளி என்றால் எடுங்கோ அண்ணை, கூரைத் தகரத்துக்குக் காசு வேணும் என்றா. கல்லில் உரைக்க வேண்டியதே இல்லை, கையில் எடுத்ததும் தெரிந்தது. செம்பும் நிக்கலும். ஒன்றில் ஒரு பக்கம் ராசாவின் தலை, மறுபக்கம் இரண்டு தலை டிராகனை மிதித்துக்கொண்டு நிற்கிற சிங்கம். நாடா பாதி உக்கிப் போயிருந்தது. இது உங்கள் ஐயாவுடையது என்று காட்ட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவ யோசித்துவிட்டு, ஐயா சாமி கும்பிடும்போது தேவாரத்துக்குப் பிறகு தன்னுடைய படை இலக்கத்தையும் முணுமுணுப்பார் என்றா. கடைசி மூன்று இலக்கம்தான் அவவுக்கு ஞாபகம் வந்தது. ஒரு கொப்பி ஒற்றையில் அவ சொல்லச் சொல்ல எழுதினேன். பெயர், ஊர், படை, திருகோணமலை, எண்ணெய்த் தாங்கி, அந்த மூன்று இலக்கம். கீழே அவ கையெழுத்து வைத்தா. பதக்கத்தையும் ஒற்றையையும் சேர்த்துச் சுற்றி அவவிடமே கொடுத்துவிட்டேன். தகரத்துக்கு வேறு வழி பார்த்தோம்.

உனக்கோ அந்த ஐயா உயிரோடு இருக்கிறார் ராசா. நூறை எட்டிப் பிடித்த மனிதர், நினைவும் தெளிவு என்கிறாய். இதைவிட என்ன வேண்டும்? அந்தப் போருக்குப் போனவர்களில் வயதில் குறைந்தவர்களுக்கே இப்போது நூறு கிட்டுகிறது. இனிமேல் இப்படிக் கைக்குக் கை வாங்குகிற காலம் வராது. அவருடைய நட்சத்திரங்களைப் பார்த்தே நான் கொஞ்சம் ஊகித்தேன். இத்தாலியும் இருக்கிறது, பிரான்ஸ்–ஜெர்மனியும் இருக்கிறது. இத்தாலியில் சண்டை பிடித்த கனடாப் படையை 1945 தொடக்கத்தில் வடமேற்கு ஐரோப்பாவுக்கு ஏற்றினார்கள். அந்தக் கூட்டத்தோடு போனவராக இருக்க வேண்டும், அப்படியென்றால் ஒல்லாந்தும் கண்டிருப்பார். கேள். எந்தக் கப்பலில் போனார், பக்கத்தில் படுத்தவன் ஆர், என்ன சாப்பிட்டார்கள், எப்போது பயந்தார் என்று கேள். அவர் சொல்ல விரும்பாததைக் கிண்டாதே. எங்கள் வீட்டிலும் சொல்லாத கதைகள் இருக்கின்றன, உனக்கே தெரியும். சொல்வதைக் கைபேசியில் பதிந்துகொள், ஆனால் கடதாசியிலும் எழுது. அவருடைய படை இலக்கத்தை அவர் கையாலேயே எழுதச் சொல். உயிரோடு இருக்கிறவரின் சேவைக் கோப்பை அரசாங்கச் சுவடிக்கூடத்தில் எடுக்க அவருடைய ஒப்புதல் கையெழுத்து வேண்டும். அதையும் இப்போதே கேட்டு வை.

ஆனால் அதற்கெல்லாம் முதல் ஒன்று. அவருக்கு ஒரு மகள் இருப்பதாக எழுதியிருந்தாய். அவவுக்குத் தெரியாமல் ஒரு சதமும் கொடுக்காதே. கடைசிக் காலத்தில், 2009இல், பிள்ளைக்குப் பால்மாவுக்காகச் சனம் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தவன். வாங்கியவர்களும் எங்கள் ஆட்கள்தான். என்னிடமும் நீட்டினார்கள். அந்த விலைக்கு வாங்க எனக்குக் கை வரவில்லை. சோவியத் நாடு உடைந்த பிறகு மொஸ்கோவில் அர்பாத் தெருவில் கிழவர்கள் தங்கள் பதக்கங்களை வெளிநாட்டுக்காரருக்கு விற்றதும் இதே மாதிரித்தான். அந்த நாட்டுச் செந்நட்சத்திர விருதின் பின்புறத்தில் இலக்கம் இருப்பதால் இன்றைக்கும் யாருடையது என்று தேடிப் பிடிக்கலாம். கனடா ஐயாவின் பதக்கத்தில் அந்த வசதியும் இல்லை. அவருக்குக் காசு முட்டு என்றால் காசாக உதவு, பதக்கம் அங்கேயே இருக்கட்டும். பிள்ளைகள் கவனமின்றி எறிந்துவிடுவார்கள், நீ பத்திரமாக வைப்பாய் என்ற எண்ணத்தில் தருகிறார் என்றால், மகளும் சரி என்றால், அப்போது வாங்கு. நல்ல விலை கொடு. பின்னால் பேரன் ஒருவன் வந்து கேட்டால் வாங்கிய அதே விலைக்குத் திருப்பித் தருவேன் என்று அந்தக் கடதாசியிலேயே எழுது.

வாங்கிய பிறகு மினுக்கக் கூடாது. தொழில்காரன் சொல்கிறேன், கேள். கறுத்த வெள்ளியை மினுக்கினால் ஒவ்வொரு முறையும் முகத்தில் ஒரு படலம் தேயும். உக்கிய நாடாவைக் கழற்றிப் புது நாடா கோக்கவும் வேண்டாம். அது அவருடைய நெஞ்சில் கிடந்த நாடா. ஆறையும் பிரிக்காதே, இத்தாலி நட்சத்திரத்துக்கு மட்டும் யாராவது கூட விலை சொன்னாலும். அப்புறம், நவம்பர் 11 நினைவு நாளுக்கு அவருக்கு மரியாதை என்று நினைத்து நீ அதைக் குத்திக்கொண்டு போகாதே. பதக்கம் பெற்றவரைத் தவிர வேறு ஆரும் அதை அணிவது அங்கே சட்டப்படி குற்றம், சொந்தப் பிள்ளை என்றாலும்.

சனிக்கிழமை கோல் எடுக்கும்போது மகள் என்ன சொன்னா என்று சொல். தொண்டர் பதக்கத்தின் நாடாவில் வெள்ளி மேப்பிள் இலை குத்திய பட்டை ஒன்று இருக்க வேண்டும், கடல் கடந்து போனவர்களுக்குக் கொடுத்தது. நீ அனுப்பிய படத்தில் சட்டத்தின் நிழல் மறைக்கிறது. கண்ணாடியைக் கழற்றாமல் வெளிச்சத்துக்குப் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பு. அம்மா உனக்கு ஒடியல் மா கட்டி வைத்திருக்கிறா, வருகிற ஆட்கள் யாராவது இருந்தால் சொல்.

அன்புடன்,
அப்பா