வெளியாள் வந்து கேட்கும் தேர்வு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. மாடிப்படி ஏறுவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடு.

பாப்பாவின் படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். நம் பேராசிரியர்கள் சிலர் பெயருக்குப் பின்னால் பி.ஏ. ஆனர்ஸ் என்று போட்டுக்கொள்வார்களே, அதுதானா பாப்பா படிக்கும் ஆனர்ஸும் என்று. வேர் ஒன்றுதான், ஆக்ஸ்போர்டிலிருந்து வந்தது. ஆனால் இங்கே அமெரிக்காவில், பாப்பா படிக்கும் ஸ்வார்த்மோர் கல்லூரியில் அது வளர்ந்த விதம் வேறு. பிலடெல்பியாவிலிருந்து ரயிலில் வந்து இறங்கினால் எதிரே தெரிவது கல்லூரிப் புல்வெளிதான். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1864-இல் தொடங்கிய சின்னக் கல்லூரி. 1921-இல் தலைவராக வந்த பிராங்க் எய்டலாட், ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு போய்ப் படித்தவர். எல்லா மாணவர்களையும் ஒரே வேகத்தில் நடத்திக்கொண்டு போவது அவருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வருடமே ஆங்கில இலக்கியத்திலும் சமூக அறிவியலிலும் ஆனர்ஸைத் தொடங்கிவிட்டார்.

இதில் என்னை அசரவைத்தது தேர்வுதான். ஆனர்ஸ் யாருக்கு என்று முடிவு செய்வது பாடம் நடத்தியவர் இல்லை. கடைசி வருடம் மே மாதத்தில் வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எழுத்துத் தேர்வுக்குக் கேள்வி அவர்களுடையது. பிறகு ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்துப் பேசுகிறார்கள். ஆனர்ஸா, ஹை ஆனர்ஸா, ஹையெஸ்ட் ஆனர்ஸா என்று சொல்வதும் அவர்களே.

நமக்கும் வெளியிலிருந்துதானே கேள்வித்தாள் வந்தது என்பாய். நானும் அதையே நினைத்தேன். ஆனால் நமக்குப் பாடத்திட்டமும் வெளியிலிருந்து வந்தது. நம் ஆசிரியருக்கு அதில் கை வைக்க வழியில்லை. போன ஐந்து வருடக் கேள்விகளை வைத்து நோட்ஸ் சொல்வதைத் தவிர அவர் என்ன செய்வார், பாவம்? இங்கே எதைப் படிப்பது என்று ஆசிரியரே முடிவு செய்கிறார். ஏழெட்டுப் பேர், வாரம் ஒரு முறை, மணிக்கணக்கில் ஒரே மேசை. யாராவது ஒருவர் கட்டுரை எழுதி முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். வெளியாள் வந்து கேட்கப்போகிறார் என்பதால் ஆசிரியரும் பிள்ளைகளும் ஒரே கட்சி ஆகிவிடுகிறார்கள். இந்தக் கேள்விக்கு எப்படித் தாக்குப்பிடிப்பாய் என்று ஆசிரியரே மடக்குகிறாராம். ஆனர்ஸுக்காக அவரிடம் நல்ல பெயர் வாங்கவேண்டிய அவசியம் பாப்பாவுக்கு இல்லை. இது எவ்வளவு பெரிய விடுதலை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சினிமா வகுப்பைப் பற்றி ஒன்று சொல்கிறேன். ரஷ்யாவில் சினிமா இயக்குநர் குலெஷொவ் செய்த பரிசோதனை உனக்குத் தெரியும். நடிகர் மொசூகினின் ஒரே முகம், சலனமே இல்லாதது. அதை ஒரு தட்டு சூப்போடு சேர்த்தால் பசி, சவப்பெட்டியோடு சேர்த்தால் துக்கம். பார்த்தவர்கள் நடிப்பைப் புகழ்ந்து தள்ளினார்களாம். நானும் இதைப் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இவள் வகுப்பில் கேட்ட கேள்வி வேறு: அந்தப் படச்சுருளை யார் பார்த்தது? மூலம் இப்போது இல்லை. இன்னொரு இயக்குநரான புடோவ்கின் பிற்பாடு எழுதியதை வைத்துத்தான் உலகமே பேசுகிறது. அவர் எழுத்தில் சவப்பெட்டியில் இருப்பது ஒரு பெண், மூன்றாவது துண்டில் ஒரு சிறுமி கரடி பொம்மையோடு விளையாடுகிறாள். மற்றவர்கள் சொல்லும்போது சவப்பெட்டியில் சிறுமி படுத்திருக்கிறாள், மூன்றாவதாக ஒரு அழகி சோபாவில் சாய்ந்திருக்கிறாள். அப்படியானால் நாம் நம்புவது படத்தையா, படத்தைப் பற்றிய கதையையா? மூன்று மணி நேரம் இதையே பேசினார்கள் என்றாள். போனை வைத்த பிறகு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அந்த மேசையில் ஒரு ஓரமாக உட்கார இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

இதனால் வேலை கிடைக்குமா என்று இங்குள்ள சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். எனக்கும் அந்தக் கவலை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு பத்தியை மூன்று தடவை படித்து, ஆசிரியர் சொன்னதையே மறுத்து, அதற்குக் காரணமும் சொல்கிற பெண்ணாக அவள் ஆகிக்கொண்டிருக்கிறாள். அதை எதற்காகவும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம், உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த கட்டுரை மொழிபெயர்ப்பைப் பற்றியது. சிகாகோவில் இருந்த ஏ.கே. ராமானுஜன் 1967-இல் வெளியிட்ட குறுந்தொகை மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஆங்கிலத்தில் படிப்பதோடு நிற்காமல் 'யாயும் ஞாயும் யாரா கியரோ' காதில் எப்படி விழும் என்று கேட்க வேண்டுமாம். நான் வாசித்துக் காட்டினேன். "மாமா வாசித்தால்தான் நன்றாக இருக்கும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் இரவு எட்டு மணிக்குக் கூப்பிடுகிறோம். அந்த நாற்பதாம் பாட்டையும் உனக்குப் பிடித்த இன்னும் இரண்டு பாட்டுகளையும் எடுத்து வை. கேள்வி நிறைய கேட்பாள், சாப்பிட்டுவிட்டு உட்கார்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்