1/32 அவுன்ஸ்னு ஸ்டிக்கர் ஒட்டி 1/16 அவுன்ஸ் மீன்பிடி ஜிக் தலை அனுப்பினது பத்தியும், கேட்டதுக்கு சிரிச்சது பத்தியும்

கஸ்டமர் சர்வீஸ் மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சாருங்களா மேடமுங்களான்னு தெரியல, மன்னிக்கணும். நான் மெயில் போடுற ஒவ்வொரு தடவையும் வேற வேற பேர்ல பதில் வருது, எல்லாத்துலயும் ஒரே வரி, "உங்கள் பொறுமைக்கு நன்றி". என்கிட்ட பொறுமை மிச்சம் இருக்குன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?

தமிழ்ல எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. இங்கிலீஷ்ல எழுதினதெல்லாம் ஒரு டிக்கெட் நம்பர் போட்டு, மறுநாளே "தீர்க்கப்பட்டது"ன்னு மூடிட்டீங்க. என்ன தீர்த்தீங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நடுவுல உங்க கால் சென்டர்ல ஒரு தமிழ்ப் பையன் மாட்டினான், பாவம் நல்ல பையன், அவன்தான் குரலை இறக்கி, "அண்ணா, நீங்க தமிழ்லயே ஒண்ணு போடுங்க, வேற மொழியில வந்தா மொழிபெயர்க்க மேல அனுப்பியே ஆகணும், எங்க லெவல்ல க்ளோஸ் பண்ண முடியாது"ன்னு சொன்னான். அவன் வேலைக்கு உலை வச்சிடாதீங்க. உங்க கம்பெனியில எனக்கு உருப்படியா ஒரு வார்த்தை சொன்னது அவன் ஒருத்தன்தான்.

விஷயத்துக்கு வர்றேன். ஆர்டர் நம்பர் சப்ஜெக்ட்ல போட்டிருக்கேன். நான் கேட்டது 1/32 அவுன்ஸ் ஜிக் தலை (தூண்டில் முள்ளு பதிச்ச சின்ன எடைக் குண்டு, அதுல இறகு கட்டினா ஜிக்) நூறு, வெள்ளை பவுடர் பெயின்ட் அடிச்சது, நாலாம் நம்பர் கோல்டு அபர்டீன் முள்ளு (மெல்லிசு கம்பி), 90 டிகிரி காது (தூண்டில் நரம்பு கோக்குற ஓட்டை). கூடவே வெள்ளையிலயும் சாம்பல்லயும் மராபு இறகு, ஷெனில் (பஞ்சு மாதிரி தடிச்ச இழை), நூலு. இதெல்லாம் டிசம்பர் 1க்கு முன்னாடி என் கைக்கு வரணும்னு ஆர்டர் குறிப்புலயே எழுதியிருந்தேன். வந்துச்சு, இல்லைன்னு சொல்லல. கவர் மேல 1/32னு ஸ்டிக்கர். உள்ள இருந்தது 1/16. கையில எடுத்தாலே தெரியுது, பட்டாணி சைஸ்ல இருக்கு. முள்ளு கோல்டும் இல்ல, அபர்டீனும் இல்ல, தடிச்ச பித்தளைக் கலர் கம்பி. காது ஓட்டையில பெயின்ட் அடைச்சிருக்கு, ஒண்ணு ரெண்டுல இல்ல, முக்கால்வாசியில. இதை பேக் பண்ணின ஆளு ஒரு தடவை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்திருந்தாக்கூட தெரிஞ்சிருக்கும்.

இதை ஃபோன்ல சொன்னதுக்கு உங்க ஆளு ஒருத்தர் கேட்டார் பாருங்க, "ஏன் சார், மீன் என்ன தராசு வச்சா பாக்குது?"

கேட்டுட்டு சிரிச்சார். பக்கத்து சீட்ல யாரோ சேந்து சிரிச்சதும் எனக்குக் கேட்டுச்சு. பேர் கேட்டேன், சொல்லல. ஹோல்டுல போட்டு ஒரு பாட்டை ஓட விட்டுட்டுப் போயிட்டார், அரை மணி நேரம் அந்தப் பாட்டு, அப்புறம் லைன் கட்.

சார், நீங்க ஜிக் விக்கிற கம்பெனி. ரெண்டு எடைக்கும் என்ன வித்தியாசம்னு நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கணுமா? குளிர்ல க்ராப்பி மீன் துரத்தி வந்து அடிக்காது. தண்ணி நாப்பத்தஞ்சு, ஐம்பது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு வந்துட்டா அதுக்கு உடம்பே மந்தம், பசியும் கம்மி, மூஞ்சிக்கு முன்னாடி மெதுவா ஒண்ணு வந்து நின்னாதான் வாயைத் திறக்கும். அதுக்குக் கண்ணு மேல பாத்த மாதிரி இருக்கு, மேல இருக்குறதைத்தான் பாக்கும், கீழ போயிட்டா திரும்பிக்கூட பாக்காது. 1/32 மெதுவா இறங்கி அதோட தலைக்கு மேல நிக்கும், நீங்க அனுப்பினது பொத்துன்னு அதைத் தாண்டிப் போயிடும். இதெல்லாம் உங்க சைட்லயே எழுதி வச்சிருக்கீங்க! அதைப் படிச்சுதான் நான் வாங்கினேன்! காத்து அடிக்கிற நாள்ல 1/16 வேணும்னு எனக்கும் தெரியும், அது என் டப்பாவுல தனியா இருக்கு. ஆழத்துல இறக்கணும்னா 1/32க்கு ஒரு அடி மேல சின்னதா ஒரு ஸ்ப்ளிட் ஷாட் (பிளந்த எடைக் குண்டு) கடிச்சு விட்டுப்பேன், எடை கீழ போகும், ஜிக் மட்டும் மிதந்த மாதிரி பின்னாடி வரும். இதைச் சொன்னா உங்க சாட்ல இருந்த ஆளு "எங்கள் தயாரிப்புகள் எல்லாச் சூழலுக்கும் ஏற்றவை"ன்னு ஒட்டிட்டுப் போறார்.

அடுத்தது டைலர்ங்கிற ஊருக்குப் போன கதை. உங்க சாட்ல ஒருத்தங்க, "டைலர்ல எங்க ஆத்தரைஸ்டு டீலர் இருக்கார், எடுத்துட்டுப் போங்க, கையோட மாத்திக் கொடுப்பார்"னு எழுத்துல கொடுத்தாங்க, ஸ்க்ரீன்ஷாட் இணைச்சிருக்கேன். நான் இருக்குறது ப்ளேனோ. போக வர இருநூறு மைலுக்கு மேல. வேலைக்கு லீவு போட்டுட்டு, மழையில, டயர் பஞ்சர் வேற (அதுக்கு உங்களைச் சொல்லல, ஆனா நீங்க அனுப்பலைன்னா அந்த ரோட்டுக்கே நான் போயிருக்க மாட்டேன்), போய் நின்னா அந்தப் பெரியவர் என்னைப் பரிதாபமா பாக்குறார். உங்க சரக்கை எடுக்குறதை நிறுத்தி ரொம்ப நாள் ஆச்சாம். உங்க லிஸ்ட்ல இன்னும் அவர் பேர் இருக்கு, வாரத்துக்கு ஒருத்தராவது இப்படி வந்து நிக்கிறாங்களாம்.

ஆனா அந்த மனுஷன் ஒரு காரியம் பண்ணார். துப்பாக்கி ரவைக்கு மருந்து அளக்குற சின்னத் தராசு அவர் கல்லா பக்கத்துல இருந்துச்சு, கிரெய்ன்ல காட்டுறது. ஒரு அவுன்ஸ்னா 437.5 கிரெய்ன். அப்ப 1/32க்கு பதினாலு கிரெய்ன்கூட வரக்கூடாது. உங்க தலை ஒண்ணை இடுக்கியில எடுத்து வச்சார், 27ஐத் தாண்டி நின்னுச்சு. இன்னொண்ணு வச்சார், அதுவும் அப்படியே. அந்தக் குட்டித் திரையை நான் ஃபோட்டோ எடுத்தேன், அதுவும் இணைப்புல இருக்கு. "மீன் தராசு வச்சிருக்கா"ன்னு கேட்ட அந்த ஆளுக்கு தயவுசெஞ்சு இதைக் காட்டுங்க. மீன்கிட்ட இல்ல, டைலர்ல இருக்கு.

சரி, முள்ளு. ஏன் மெல்லிசு அபர்டீன் கேட்டேன்? நான் போறது லேக் ஃபோர்க் ஏரி. 1980ல அணை கட்டி தண்ணி நிரப்பினப்ப மரத்தை நிறைய இடத்துல வெட்டாம அப்படியே விட்டாங்க, இன்னைக்கும் தண்ணிக்குள்ள காடு நிக்குது. குளிர்ல க்ராப்பி அந்த மரத்தை ஒட்டித்தான் ஆழத்துல தொங்கும். ஜிக் மாட்டத்தான் மாட்டும். மெல்லிசு முள்ளுன்னா நிதானமா இழுத்தா முள்ளு நிமிந்து வெளிய வந்துடும், இடுக்கியால மறுபடி வளைச்சுட்டுப் போட்டுடலாம். உங்க கம்பி நிமிராது, என் நாலு பவுண்டு தங்கூஸ் நரம்புதான் அறும். ராத்திரி உக்காந்து கட்டின ஜிக் மொத்தமும் ஃபோர்க் தண்ணிக்கு அடியில மரத்துக்குத் தோரணம் கட்டின கணக்கா தொங்கிட்டு இருக்கு. ஒரு ஜிக் கட்ட எவ்வளவு வேலைன்னு உங்களுக்குத் தெரியும்ல? கழுத்துல நூலைச் சுத்தி, மராபுல ஒரு சிட்டிகை எடுத்து, முள்ளோட நீளத்துக்கு ஒன்றரை மடங்கு வால் விட்டு, அடர்த்தி ஏறிடாம பாத்து, ஷெனிலை மூணு நாலு சுத்து, விப் ஃபினிஷ் முடிச்சு, கடைசியில முடிச்சு மேல ஒரு துளி சிமென்ட் பசை. அதுவும் காது அடைச்ச தலைன்னா முதல்ல சேஃப்டி பின்னால குத்தி குத்தி ஓட்டையைத் திறக்கணும். பெயின்ட் உரிஞ்சு கழுத்து வரைக்கும் வெள்ளையா பேந்து வருது. நல்லா சூடு பண்ணி வெந்த பவுடர் பெயின்ட் அப்படிப் பேராது சார், அவன்ல வேக விடாமலே எடுத்து பேக் பண்ணியிருக்கீங்க.

இதுல மராபு இன்னொரு கூத்து. மராபு கட்டுறதே அது சும்மா நின்னாலும் தண்ணியில மூச்சு விடுற மாதிரி அசையும்ங்கிறதுக்காகத்தான். குளிருக்கு அதை மிஞ்சி ஒண்ணு இல்ல, ரப்பர் வால் எல்லாம் ஆட்டினாத்தான் ஆடும். நீங்க அனுப்பினது கறிக்கடை வாசல்ல கிடக்குற கோழி றெக்கை மாதிரி இருக்கு, நடுவுல தடியா குச்சி, ரெண்டு பக்கமும் கட்டையா மயிர், நுனியில பஞ்சே இல்ல. கட்டினா கழுத்துல ஒரு மூட்டை வந்து நிக்குது. சாம்பல் கேட்ட இடத்துல ரோஸ் கலர் வந்திருக்கு, நனைச்சா சாயம் விரல்ல ஒட்டுது. பில்லுல "மாற்று நிறம்"னு ஒரு வரி. யார்கிட்ட கேட்டு மாத்துனீங்க? ஃபோர்க்ல க்ராப்பி தின்னுறது ஷேட் மீன் குஞ்சு, அது சாம்பலும் வெள்ளையுமா இருக்கும், அதான் அந்தக் கலர் கேட்டேன்.

இப்ப கிறிஸ்துமஸ் லீவு கதைக்கு வர்றேன். ஹூஸ்டன்ல இருந்து என் மச்சான் குடும்பம், ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர், எல்லாருக்கும் சேத்து ஃபோர்க் பக்கத்துல கேபின் எடுத்திருந்தேன். உங்களை நம்பி வேற ஜிக் வாங்கல. ஃபோர்க்ல டிசம்பர் 1ல இருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் க்ராப்பிக்கு சைஸ் கணக்கே கிடையாது, பிடிச்ச அத்தனையும் வச்சுக்கணும், திருப்பி விடக்கூடாது, ஆளுக்கு 25 ஆனதும் நிறுத்திடணும். ஆழத்துல இருந்து மேல வர்ற மீன் காத்துப்பை ஊதி பெரும்பாலும் பிழைக்காது, அதுக்குத்தான் அந்த ரூல், நல்ல ரூல். ஹைவே 154 பாலத்துக்குப் பக்கத்துல, கை மரத்துப் போற குளிர்ல, என் மச்சான் நல்ல பெரிய ஒண்ணை அவ்வளவு தூரம் ஏத்திக் கொண்டாந்தார். க்ராப்பி வாய் காகிதம் மாதிரி மெல்லிசுன்னு உங்களுக்குத் தெரியாததா, அந்தத் தடிக் கம்பி வாயைக் கிழிச்சுட்டு வந்துடுச்சு, படகுக்கு ஒரு முழம் முன்னாடி. மீன் பக்கவாட்டுல படுத்துக்கிட்டு வயிறு ஊதி மிதக்குது, வலை எட்டல, காத்து தள்ளிட்டுப் போகுது, நாங்க படகைத் திருப்புறதுக்குள்ள ஒரு கடற்காகம் வந்து கொத்த ஆரம்பிச்சிடுச்சு. வீணாப் போன மீன் அது. அப்புறம் திரும்பத் திரும்ப இதே கதை. வறுக்க மசாலா தடவ மஞ்சத்தூள்ல இருந்து எல்லாம் எடுத்துட்டு வந்திருந்தோம் (இந்த மீன் குழம்புல போட்டா உடைஞ்சிடும், வறுவலுக்குத்தான் லாயக்கு), கடைசியில உருளைக்கிழங்கு வறுத்துச் சாப்பிட்டோம். என் மச்சான் இன்னைக்கும் ஃபோன் பண்ணா முதல் கேள்வி "என்ன மாப்ள, தராசு வாங்கிட்டியா?"

பாருங்க, மறுபடி அந்த ஆள்தான் ஞாபகத்துக்கு வர்றார். அவர் தப்புன்னு ஒத்துக்கிட்டு ஒரு கவர் புதுசா அனுப்பியிருந்தா நான் இவ்வளவு எழுதியிருக்கவே மாட்டேன். "அவ்வளவு கஷ்டம்னா உயிர் மின்னோ மீன் வாங்கி இரையா போடுங்க சார்"னு வேற சொன்னார், அதை முதல்ல எழுத விட்டுட்டேன். ஜிக் விக்கிற கம்பெனியில சம்பளம் வாங்கிட்டு மின்னோ வாங்கச் சொல்றார்! சரி வாங்கிடுறேன், என் காசை எடுங்க.

நஷ்டம்னு பாத்தா மராபு, தலை, கேபின், பெட்ரோல், டைலர் போன லீவு, அறுந்த ஜிக், எல்லாம் கூட்டினா ஆயிரத்து ஐநூறு டாலருக்கு குறையாது. ஒரு சீசன் மொத்தமா போச்சு, அதுக்கு விலை நீங்களே போடுங்க. மன உளைச்சலுக்கு நான் கேக்கல, கேக்கலாம்னு என் வீட்டுக்காரம்மா சொல்றாங்க.

நான் சண்டைக்காரன் இல்ல. உங்க பழைய ஜிக் தலைங்க இன்னும் என் டப்பாவுல இருக்கு, எல்லாம் அருமையான சரக்கு, நாலு பேருக்கு நானே சிபாரிசு பண்ணியிருக்கேன். அதனால கேக்குறது இவ்வளவுதான்: முழுக் காசும் ஷிப்பிங்கோட திருப்பிக் கொடுங்க, பிப்ரவரி முடியுறதுக்குள்ள சரியான 1/32 தலையை அனுப்புங்க, டைலர் போன செலவைக் கொடுங்க, அந்தப் பெரியவர் பேரை லிஸ்ட்ல இருந்து எடுங்க, சிரிச்ச ஆளு ஃபோன் பண்ணி மன்னிப்பு கேக்கட்டும். கால் ரெக்கார்டு பண்றோம்னு நீங்களே ஆரம்பத்துல சொல்றீங்கல்ல, போட்டுக் கேளுங்க.

பத்து நாள்ல பதில் வரலைன்னா முதல்ல கிரெடிட் கார்டுல டிஸ்ப்யூட் போடுவேன். அப்புறம் டெக்ஸாஸ் அட்டர்னி ஜெனரல் ஆபீஸ்ல நுகர்வோர் புகார். இங்க ஏமாத்து வியாபாரத்துக்குன்னே ஒரு சட்டம் இருக்கு, கேஸ் போட 60 நாள் முன்னாடி எழுத்துல சொல்லணும்ங்கிறாங்க, இந்தக் கடிதமே அதுன்னு வச்சுக்கோங்க. 20,000 டாலர் வரைக்கும் ஜஸ்டிஸ் கோர்ட்லயே போடலாம், வக்கீல்கூட வேணாம், நானே வருவேன், தலையையும் ஃபோட்டோவையும் ஜட்ஜ் முன்னாடி வைப்பேன். அதுவரைக்கும் போக விட மாட்டீங்கன்னு நம்புறேன்.

இப்படிக்கு,
ப்ளேனோவில் இருந்து உங்க பழைய கஸ்டமர்

பி.கு.: திருப்பி அனுப்ப ப்ரீபெய்டு லேபிள் அனுப்புங்க, என் காசுல அனுப்ப மாட்டேன். மராபு பாக்கெட் பிரிச்சாச்சு. "பிரித்த பாக்கெட் திரும்பப் பெறப்படாது"ன்னு அந்த ரெடிமேட் பதிலை மட்டும் தயவுசெஞ்சு போட்டுடாதீங்க, பிரிக்காம உள்ள இருக்குறது குப்பைன்னு எப்படிங்க தெரியும்?