பின்பெட்டியில் கிடக்கும் குட்டி டயருக்கும் காற்று வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து உட்லண்ட்ஸ் வழியாகவோ துவாஸ் வழியாகவோ மலேசியாவுக்குக் கிளம்பும் குடும்பங்கள் நம்மில் நிறைய. பத்துமலை, ஈப்போ, பினாங்கு என்று கோயிலுக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போகிற நீண்ட பயணம். எல்லை தாண்டுமுன் தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோலாவது இருக்க வேண்டும் என்ற சட்டத்தை யாரும் மறப்பதில்லை. ஆனால் காரின் பின்பெட்டியில் தரைப்பலகையைத் தூக்கி, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் குறைவு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முன்பெல்லாம் மற்ற நான்கு சக்கரங்களைப் போலவே முழு அளவில் ஐந்தாவது சக்கரம் ஒன்று இருக்கும். இப்போது பல கார்களில் அந்த இடத்தில் இருப்பது மெலிந்த, எடை குறைந்த குட்டி டயர். சில கார்களில் அதுவும் இல்லை. பஞ்சரை அடைக்கும் திரவம் ஒரு புட்டியும் சின்னக் காற்றுப் பம்பும்தான் தருகிறார்கள். மின்சாரக் கார்களில் பெரும்பாலும் ஸ்பேர் டயரே கிடையாது.

"சிங்கப்பூரில் ஸ்பேர் எதற்கு? ஒரு போன் போட்டால் இழுவை வண்டி வந்துவிடும்" என்று என் நண்பர்கள் பலர் சொல்கிறார்கள். இந்தத் தீவுக்குள் அது சரிதான். விரைவுச்சாலையில் கார் நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வண்டியே வந்து, பக்கத்தில் உள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம்வரை இலவசமாக இழுத்துப்போய் விடுகிறது. பிஐஇ விரைவுச்சாலையிலோ சுரங்கப்பாதையிலோ நாமே இறங்கி நட்டுகளைக் கழற்றுவது ஆபத்து, அதைச் செய்யவும் கூடாது. ஆனால் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. இரவு நேரம், இருபுறமும் செம்பனைத் தோட்டம், அடுத்த ஊர் எத்தனையோ கிலோமீட்டர் தள்ளி. அங்கே அந்தக் குட்டி டயர்தான் துணை.

சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் என் அக்கா குடும்பத்துக்கு ஜொகூரில் யோங் பெங் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி டயர் கிழிந்தது. கிழிந்தது பக்கவாட்டில். அத்தான் காரை ஓரங்கட்டி, எல்லாரையும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டு, பெட்டிகள், அரிசி மூட்டை, முறுக்கு டின் எல்லாவற்றையும் புல்லில் இறக்கி வைத்தார். தரைப்பலகையைத் தூக்கினால் குட்டி டயர் புத்தம் புதிதாக இருந்தது, ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத டயர். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போனது. காற்றே இல்லை. புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்புதான் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தார். டயர்களின் காற்றைப் பார்த்தாயிற்று என்று ரசீதிலும் எழுதியிருந்தது. பார்த்தது தரையில் இருக்கும் நான்கை மட்டும். அன்றிரவு கார் இழுவை வண்டியில் ஊருக்குள் போனது, பிள்ளைகள் விடுதியில் தூங்கினார்கள். யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் லாரிகள் பறக்கும் சாலையோரத்தில் சின்னப் பிள்ளைகள் அத்தனை நேரம் நிற்க நேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

குட்டி டயரின் விவரம் தெரிந்தால் இது ஏன் நடக்கிறது என்று புரியும். நம் காரின் சாதாரண டயருக்கு 32 முதல் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று இருந்தால் போதும். குட்டி டயருக்குப் பொதுவாக 60 பிஎஸ்ஐ வேண்டும். பெட்ரோல் நிலையத்துப் பம்பு கிலோபாஸ்கலில் காட்டினால் 420. அவ்வளவு மெலிந்த டயர் காரின் பாரத்தைத் தாங்குவதே அந்த அழுத்தத்தால்தான். டயரின் பக்கவாட்டிலேயே இந்த எண் அச்சாகியிருக்கும். எந்த டயரிலிருந்தும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாகவே இறங்கும்; இரண்டு மூன்று ஆண்டு யாரும் தொடாமல் கிடந்தால் என்ன மிஞ்சும்? இன்னொன்று, ஞாபகமாகக் காற்று அடிப்பவர்களில் சிலர்கூட மற்ற டயருக்கு வைத்த அளவையே இதற்கும் வைத்துவிடுகிறார்கள். அது பாதிக் காற்றுதான்.

வயதையும் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்ற எழுத்துகளோடு வரும் வரிசையில் கடைசி நான்கு எண்கள் அது தயாரான வாரமும் ஆண்டும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஓடாமலே கிடந்தாலும் ரப்பர் முதிர்ந்துபோகும். பத்து ஆண்டான டயரை, ஸ்பேராக இருந்தாலும், மாற்றிவிடும்படி டயர் நிறுவனங்களே சொல்கின்றன. இங்கே பத்து ஆண்டு முடிந்து சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து அதே காரை ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். மற்ற டயர்களை இரண்டு மூன்று முறை மாற்றியிருப்பார்கள், அடியில் கிடப்பது மட்டும் கார் வாங்கிய நாளில் வந்ததாகவே இருக்கும்.

சரி, மாட்டிய பிறகு? அதில் 80 என்று பெரிதாக எழுதியிருப்பது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தை. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110 வரை அனுமதி என்பதற்காக அந்த வேகத்தில் போகக் கூடாது. இடது தடத்தில் மெதுவாகப் போய் அடுத்த ஊரில் டயர் கடையைத் தேட வேண்டும், அதோடு பினாங்குவரை போய்விடலாம் என்று நினைக்கவே கூடாது. பிரேக் பிடிப்பதும் வளைவில் திரும்புவதும் வழக்கம்போல் இருக்காது. முன்சக்கரத்தால் இயங்கும் சில கார்களில் முன்னால் பஞ்சரானால், பின்சக்கரம் ஒன்றை முன்னால் மாட்டி, குட்டி டயரைப் பின்னால் போடச் சொல்லி கையேட்டிலேயே இருக்கும். வீட்டில் இருக்கும்போதே அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். அப்புறம், கழற்றிய பெரிய சக்கரம் பல கார்களில் அந்தச் சின்னக் குழிக்குள் அடங்காது. சாமான்களோடு சாமானாக அதையும் வைத்தாக வேண்டும். பின்பெட்டியைக் கூரைவரை அடைத்துக்கொண்டு போகிறவர்கள் இதை யோசித்துக்கொள்வது நல்லது. நட்டுகளுக்குப் பூட்டு போட்டிருந்தால் அதன் சாவி காரிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

திரவப் புட்டியை மட்டும் நம்பிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆணி குத்திய சின்ன ஓட்டையை அது அடைக்கும். அக்கா காரில் போல் பக்கவாட்டில் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. புட்டிக்கும் காலாவதித் தேதி உண்டு. அடிக்கடி மலேசியா போகிறவர்கள், தங்கள் காரில் இடமிருந்தால், கூடுதலாகப் பணம் கொடுத்தாவது அதற்குப் பொருந்தும் குட்டி டயரை வாங்கி வைப்பதே சரி என்பது என் கருத்து.

வொர்க்‌ஷாப்காரர்களிடம் ஒரு கோரிக்கை. சர்வீஸ் ரசீதில் நான்கு டயரின் காற்றளவை எழுதும்போது ஐந்தாவதையும் எழுதுங்கள். சில நிமிட வேலைதான். கார் விற்பவர்களும், வண்டியில் இருப்பது முழு டயரா, குட்டி டயரா, வெறும் புட்டியா என்று வாங்குகிறவரிடம் எழுத்தில் தர வேண்டும். பழைய கார் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஸ்பீக்கர் பொருத்த இடம் வேண்டும் என்று முந்தைய உரிமையாளர் குட்டி டயரையும் ஜாக்கியையும் எப்போதோ எடுத்திருக்கக்கூடும். முன்பணம் கொடுக்குமுன் தரைப்பலகையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், யீஷூன்