குடியிருப்போர் சங்கத்தின் 2024-25 ஆண்டறிக்கை: செயலாளர் வாசித்தது

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தெருவிளக்குப் புகார்கள் பெரும்பாலும் தீர்ந்தன. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு இரண்டு தெருக்களில் தண்ணீர் நின்றது. மோட்டார் வைத்து இறைத்தோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது, பரிசு யாருக்கு என்ற தகராறும் கூடவே நடந்தது. சந்தா பாக்கியைப் பற்றிப் பொருளாளர் பேசுவார், நான் வாயைத் திறக்கவில்லை.

இந்த ஆண்டு நாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள ஒரு விஷயம் உண்டு. வில்லிவாக்கத்தில் நம் மன்றத்து மாடியில் பயிற்சி எடுத்த பள்ளிப் பிள்ளைகளின் ரோபோ அணி, பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் கோப்பை வாங்கிவிட்டது. போட்டி, பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பல நாடுகளில் நடக்கும் ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்ற ரோபோ போட்டியின் விதிமுறைப்படி நடந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி ஆடுகளம். தொடக்கத்தில் ரோபோ 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். ஆட்டம் மொத்தமே இரண்டரை நிமிடம். முதல் 30 விநாடி ரோபோ தானாக ஓட வேண்டும், ரிமோட்டைத் தொடக்கூடாது. பிறகு இரண்டு நிமிடம் பிள்ளைகள் ஓட்டலாம். இரண்டு அணிகள் கூட்டுச் சேர்ந்து வேறு இரண்டு அணிகளை எதிர்த்து ஆடும்.

அந்த 30 விநாடிதான் இவர்களைப் படுத்தி எடுத்தது. "இத்தனை விநாடி முன்னே போ" என்று புரோகிராம் எழுதியிருந்தார்கள். பேட்டரி முழு சார்ஜில் இருந்தால் ரோபோ குறியைத் தாண்டிப் போகும். சார்ஜ் இறங்கிவிட்டால் பாதி வழியில் நிற்கும். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணும் என்கோடருக்கு மாறிய பிறகுதான் பிடிபட்டது. அதிலும், பக்கவாட்டில் நகரும் மெக்கானம் சக்கரம் வழுக்கினால் கணக்கு தப்பும். அதனால் நடுவில் ஒருமுறை சுவரில் போய் ஒட்டி நின்று நேராக்கிக்கொள்ளும்படி எழுதினார்கள். சின்ன வேலைதான், ஆனால் கெட்டிக்கார வேலை.

ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர் சாயங்காலமானால் அங்கே போய் உட்கார்ந்துகொள்வார். ரோபோவை ஒருநாள் கையில் தூக்கி உலுக்கிப் பார்த்துவிட்டு, "ஸ்க்ரூ எல்லாம் பேசுதேடா" என்றாராம். அதற்கப்புறம் அதிர்வில் கழலாத நைலாக் நட்டுகள் போட்டார்கள், ஒயர்களை டேக் போட்டு இறுக்கிக் கட்டினார்கள். "தாத்தா செக் பண்ணிட்டாரா?" என்று கேட்காமல் ரோபோவைக் களத்தில் வைக்க மாட்டார்கள். வாங்க வேண்டிய சில்லறைச் சாமான்களை எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்கினார்கள். பில் எல்லாம் என்னிடம் இருக்கிறது, பார்க்க விரும்புவோர் பார்க்கலாம்.

போட்டியன்று தகுதிச் சுற்றில் நம் பிள்ளைகள் முதல் வரிசையில் இல்லை. ஏழாவது இடம். இறுதிச் சுற்றுகளுக்கு முன்னணி அணிகள்தான் தங்கள் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கும். இரண்டாம் இடத்து அணி, தங்களுக்கு அடுத்திருந்தவர்களை விட்டுவிட்டு நம்மவர்களைக் கூப்பிட்டது. காரணம் கேட்டதற்கு, "எந்த ஆட்டத்திலும் உங்க ரோபோ நடுவுல நிக்கலை" என்றார்களாம். அதிகப் புள்ளி எடுத்த ஒரு ரோபோ இரண்டு ஆட்டத்தில் ஒயர் பிடுங்கிக்கொண்டு அசையாமல் நின்றிருந்தது. கோப்பை வந்தது மூளையால் மட்டும் என்று பேனர் அடித்தால் அந்த நைலாக் நட்டுகளுக்குத் துரோகம், அவ்வளவுதான் என் கருத்து.

பாராட்டு விழாவுக்குப் பொன்னாடை, மாலை, பெரிய பேனர் என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. நான் எதிர்த்தேன். அந்தப் பணத்தில் மாற்றுப் பேட்டரியும் சார்ஜரும் வாங்கித் தரலாம்; இருப்பது ஒரே பேட்டரி, அதுவும் தளர்ந்துவிட்டது. இன்னொன்று, வளைகாப்பு, நிச்சயதார்த்தம் என்று மன்றம் முன்பதிவானபோதெல்லாம் பயிற்சிக் களத்துக்காக விரித்த ஃபோம் பாய்களைச் சுருட்டி எடுக்கச் சொல்லி அவர்களை விரட்டினோம். மாடியில் பழைய நாற்காலி அடைத்த அறையைக் காலி செய்து அவர்களுக்கே கொடுத்துவிட்டால் நம் வாடகை வருமானமும் குறையாது.

சாவி ஒன்று பொறுப்பாசிரியரிடம், ஒன்று காவலாளியிடம். இரவு எட்டரைக்குப் பூட்டிவிட வேண்டும். மின் கட்டணம் சங்கத்துடையது. இதைத் தீர்மானமாக முன்வைக்கிறேன். முன்மொழிய, வழிமொழிய இருவர் எழுந்திருக்கவும். அடுத்து பொருளாளர் கணக்கு வாசிப்பார்.

செயலாளர்