அப்பாவுக்கு, ஒரு துப்பாக்கியைப் பற்றி

ஃபேர்லி, நியூசிலாந்து
18 மே 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மூவரும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தொலைபேசியில் கேட்டால் "பரவாயில்லை" என்கிற ஒரே பதில்தான் வருகிறது. கடிதத்தில் கேட்டால் உள்ளதை எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன். அம்மாவின் கண்ணுக்கு எப்போது சிகிச்சை என்பதையும் எழுதுங்கள். பணம் இந்த மாதம் பத்தாம் தேதியே அனுப்பிவிட்டேன்.

இந்தக் கடிதத்துக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. நான் ஒரு துப்பாக்கி வாங்கியிருக்கிறேன், அப்பா. தங்கைக்குத் தெரியும், அவள் வாய் வழியாக உங்கள் காதுக்கு வருமுன் நானே சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வாரமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். இருபத்தெட்டு ஆண்டுகள் வேட்டைத் தடுப்புக் காவலராக, அட்டைக்கடியிலும் மழையிலும் வரையாட்டுக்குக் காவல் நின்றவர் நீங்கள். உங்கள் மகன் அதன் உறவுக்காரனைச் சுடப் போகிறான் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

வால்பாறைச் சாலையில் ஒன்பதாவது வளைவில் என்னைத் தோளில் தூக்கிக் காட்டினீர்களே, பாறை விளிம்பில் நின்ற அந்தப் பெரிய கிடாவை? அதைப்போன்ற ஒன்று இங்கேயும் இருக்கிறது. இமயமலை வரையாடு. பிடரியில் சிங்கம் மாதிரி மயிர். 1904இல் இங்கிலாந்துப் பிரபு ஒருவர் அன்பளிப்பாக அனுப்பிய சில ஆடுகளை அயோராக்கி குக் மலையடியில் அவிழ்த்துவிட்டார்கள். இந்த நாட்டில் வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் சொந்தப் பாலூட்டியே கிடையாது. மேய்கிற வாய்க்குப் பழக்கப்படாத புல்லும் பூவும்தான் மலை முழுக்க. வரையாடு, சிவப்பு மான் என்று வந்து இறங்கியவை எல்லாம் அந்தப் புல்லை வேரோடு தின்கின்றன. நம் கடமானும் இங்கே இருக்கிறது என்றால் நம்புவீர்களா? 1875இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து வடதீவில் மனவாட்டு பக்கம் விட்டவற்றின் வம்சம் அது.

1993இல் அரசு ஒரு திட்டம் போட்டது: இமயமலை வரையாடு 10,000க்கு மேல் பெருகக் கூடாது. குக் மலைத் தேசியப் பூங்காவுக்குள் அதுவும் கூடாது, முடிந்தவரை ஒன்றும் இல்லாமல் ஆக்க வேண்டும். அதனால் சுடுவதற்கு இயற்கைப் பாதுகாப்புத் துறையே இலவசமாக அனுமதிச் சீட்டு தருகிறது. கிடாவை மட்டும் தேடாதீர்கள், பெண் ஆட்டையும் சுடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறது. போன ஆண்டு கணக்கெடுப்பில் நம் பக்கம் மொத்தமே 1,031 வரையாடுகள் என்று நீங்கள் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அங்கே ஒவ்வொன்றையும் எண்ணிக் காப்பாற்றுகிறோம். இங்கே எண்ணிக் குறைக்கிறார்கள். இரண்டும் மலைக்காகத்தான் என்று எனக்குப் புரிய மூன்று ஆண்டுகள் ஆயின. நம்முடையதும் இதுவும் ஒரே இனம் அல்ல, தனித்தனிப் பேரினம் என்று மரபணு ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஆனால் பார்வைக்கு அண்ணன் தம்பிதான். அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

உரிமம் எளிதில் கிடைக்கவில்லை. கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 2019 மார்ச் 15 அன்று 51 பேர் கொல்லப்பட்ட பிறகு, அரைத் தானியங்கித் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைத் தடை செய்துவிட்டார்கள். எழுத்துத் தேர்வு, செய்முறைப் பயிற்சி, பிறகு வீட்டுக்கே வந்து விசாரணை. வந்த அதிகாரி என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு உங்கள் மருமகளிடம் தனியாகப் பேசினார்: இவர் கோபக்காரரா, வீட்டில் துப்பாக்கி இருந்தால் உங்களுக்குப் பயமாக இருக்குமா என்று. நான் தொழுவத்து வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அவமானமாக இல்லை. நல்ல சட்டம் என்றே தோன்றியது. இரும்புப் பெட்டி சுவரோடு முடுக்கியிருக்கிறது. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டும், தோட்டாவும் வேறு இடத்தில், வேறு பூட்டில். முதல் உரிமம் ஐந்து ஆண்டுக்குத்தான். துப்பாக்கியின் எண் அரசுப் பதிவேட்டில் ஏறிவிட்டது.

இனி நீங்கள் கேட்கும் கேள்விக்கு வருகிறேன்: காசு எவ்வளவு? கன்று ஈனும் பருவத்தில் கூடுதல் வேலை பார்த்துச் சேர்த்த 2,500 டாலர். ஒரு டாலர் நம் கணக்கில் ஏறக்குறைய ஐம்பது ரூபாய். அதைத் தாண்டி ஒரு காசும் செலவழிப்பதில்லை என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

எதற்கு இவ்வளவு யோசனை என்றால், எடைக்குத்தான். இங்கே வரையாடு இருக்கும் இடம் நம் ஒன்பதாவது வளைவு போலப் பஸ்ஸில் போய் இறங்கிப் பார்க்கும் இடம் இல்லை. ஆற்றுப்படுகையில் அரை நாள் நடை, பிறகு சரளைச் சரிவில் ஆயிரம் மீட்டர் ஏற்றம். "கிளம்பும்போது ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து, இது இல்லாமல் ராத்திரி கழியுமா என்று கேள்" என்பீர்களே, அதைத்தான் செய்தேன். சமையலறைத் தராசில், இட்லி அரிசி நிறுக்கும் அதே தராசில், ஒவ்வொரு பாகத்தையும் வைத்து எழுதிக்கொண்டேன்.

முதலில் பண்ணைப் பெரியவர் தன் பழைய த்ரீ நாட் த்ரீயை இருநூறு டாலருக்குத் தருவதாகச் சொன்னார். உங்கள் வனச்சரகத்தில் இருந்ததே, அதே இனம். 1930களில் இங்கே அரசு சம்பளம் கொடுத்து மான் சுட அனுப்பியவர்களும் அதைத்தான் சுமந்தார்களாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மேலே எதுவும் பொருத்தாமலே கிட்டத்தட்ட நான்கு கிலோ. அடுத்து ஜப்பானிய ஹோவா. உறுதியான துப்பாக்கி, விலையும் குறைவு, ஆனால் கனம். கடைசியில் பின்லாந்தில் செய்த டிக்கா டி3 லைட் ஒன்று, பழையது, 308 தோட்டாவுக்கானது, 1,100 டாலருக்குக் கிடைத்தது. தராசில் 2 கிலோ 850 கிராம் காட்டியது.

இங்கேதான் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். எடை குறைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கட்டையை, அதாவது குழலைத் தாங்கித் தோளில் ஊன்றும் பாகத்தை, கரிம இழையில் வாங்கத்தான் பார்க்கிறார்கள். 1,200 டாலர் கொடுத்தால் முந்நூறு கிராம்கூடக் குறையாது. கிராமுக்கு நான்கு டாலர்! டிக்காவின் பிளாஸ்டிக் கட்டையே லேசானதுதான். ஆனால் குறிபார்க்கும் ஸ்கோப்பில் என்ன நடக்கிறது என்றால், இருபத்தைந்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பெரிய கண்ணாடி 900 கிராம் வரை இருக்கும், விலையும் மூன்று மடங்கு. மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு காட்டும் லூப்போல்ட் 350 கிராம்தான். 520 டாலர் ஆயிற்று. அரைக் கிலோவுக்கு மேல் குறைந்தது, பணமும் மிச்சமானது. இருநூறு மீட்டருக்கு அப்பால் நான் சுடப் போவதில்லை. எனக்கு ஒன்பது மடங்கே ஏராளம்.

அதைப் பிடித்திருக்கும் வளையங்கள் அலுமினியத்தில் வாங்கினேன், 90 கிராம். துப்பாக்கி முதுகிலேயே பள்ளம் வெட்டியிருப்பதால் தனியாக அடித்தட்டு தேவைப்படவில்லை. தோல் வாருக்குப் பதில் நைலான் வார், 70 கிராம். கடையில் இருந்த தோல் வாரை நிறுத்துப் பார்த்தேன், கால் கிலோ! இந்தச் சின்னச் சாமான்களில்தான் எடை ஒளிந்துகொண்டிருக்கிறது.

குழலை நான்கரை அங்குலம் குறைத்து, முனையில் மரை வெட்டி, ஒலிகுறைப்பான் பொருத்தச் செய்தேன். அதற்கு மட்டும் உரிமம் பெற்ற கைவினைஞரிடம்தான் போனேன், 220 டாலர். ஒலிகுறைப்பான் 400 டாலர். இங்கே இது குற்றம் இல்லை. காதைக் காப்பதற்காக வேட்டைக்காரர்கள் பலரும் வைத்திருக்கிறார்கள். குழலில் 120 கிராம் போய், முனையில் 340 கிராம் வந்து ஏறியது. தராசுக்கு நஷ்டம்தான். ஆனால் ஒரு பட்டாசுக் கட்டே காதருகில் வெடித்த மாதிரி இருந்த சத்தம் அடங்கியது, தோளில் விழும் உதையும் குறைந்தது. இந்த 220 கிராமை மனமறிந்து சுமக்கிறேன்.

ஒரு தவறும் செய்தேன். மிக லேசானது என்று ஒருவர் விற்ற பழைய கட்டை ஒன்றை 150 டாலருக்கு வாங்கி மாட்டினேன். நூறு மீட்டரில் முதல் மூன்று தோட்டாவும் ஒரு காப்பி டம்ளர் வாய்க்குள் விழுந்தன. வாரை முழங்கையில் சுற்றி இறுக்கிச் சுட்டால் நான்காவது ஒரு சாண் தள்ளிப் போயிற்று. ராத்திரி மேசை விளக்கைக் கிட்டே இழுத்து வைத்து, ஒரு பத்து டாலர் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் நுழைத்து இழுத்தேன். சரசரவென்று ஓடியது. உங்கள் மருமகளை வாரைப் பிடித்து இழுக்கச் சொல்லிவிட்டு மறுபடி இழுத்தேன். பாதியில் நோட்டு கவ்விக்கொண்டது. கட்டை அவ்வளவு மெலிவு, வளைந்து குழலைத் தொடுகிறது! தொட்டால் குழல் அதிரும் விதம் மாறிவிடும், குறி தப்பும். குறி தப்பினால் ஆடு சாகாது. காயத்தோடு பாறை இடுக்கில் போய் மூன்று நாள் கிடக்கும். கண்ணி அறுத்துக் கிடந்த கேளையாட்டை நீங்கள் தூக்கி வந்த அந்த ராத்திரி எனக்கு நினைவு இருக்கிறது, அப்பா. மறுநாளே டிக்காவோடு வந்த பிளாஸ்டிக் கட்டையைத் திரும்ப மாட்டிவிட்டேன். அந்த மெலிந்த கட்டையை, இதன் குறை இது என்று சொல்லியே, ஐம்பது டாலர் நஷ்டத்துக்கு விற்றேன்.

லேசாக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது. தோட்டாவின் வேகம் மாறாது. துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவு ஓங்கி உதைக்கும். உதைக்குப் பயந்தால் விசையை இழுக்கும் நொடியில் கண் தானாக மூடும். தவிர, ஏறி இறங்கி மூச்சு வாங்கும்போது லேசான துப்பாக்கி காற்றில் மூங்கில் மாதிரி ஆடுகிறது. சுமக்க எளிது, சுடக் கடினம். அதனால் தோளில் படும் ரப்பர் திண்டை மாற்றவில்லை. முதுகுப்பையைப் பாறைமேல் வைத்து, அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்துத்தான் சுடப் பழகுகிறேன்.

எல்லாம் பூட்டி, ஸ்கோப்பும் ஒலிகுறைப்பானும் வாருமாகத் தராசில் வைத்தபோது 3 கிலோ 580 கிராம். வெறும் த்ரீ நாட் த்ரீயைவிடக் குறைவு. செலவு, அந்த ஐம்பது டாலர் நஷ்டத்தையும் சேர்த்து, 2,500க்குள் முடிந்தது. எஞ்சியதில் பயிற்சிக்குத் தோட்டா. இருபது தோட்டாப் பெட்டி ஏறக்குறைய அரைக் கிலோ கனக்கிறது. ஆயிரம் டாலர் செலவழித்துக் குறைக்கும் எடையை, பத்துத் தோட்டாவை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் ஏறக்குறைய முழுதாகவே குறைத்துவிடலாம். பத்துக்கு மேல் எனக்கு எதற்கு?

குறைக்காமல் வைத்துக்கொண்டவையும் உண்டு. மழைக் கோட்டு, கம்பளி, அவசரத்தில் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் சிறு கருவி. அம்மாவிடம் இதை மட்டுமாவது சொல்லுங்கள்.

மே முடியும்போது பண்ணையில் பசுக்களின் பால் வற்றவிடுவார்கள். ஜூன் முதல் வாரம் எனக்கு ஐந்து நாள் விடுப்பு. டெக்காப்போ ஏரிக்கு வடக்கே ஒரு பள்ளத்தாக்கு, நானும் பண்ணைப் பெரியவரும் போகிறோம். சுட்டால் ஒரு பெண் ஆடு, இறைச்சி முழுவதும் கீழே வரும். தலையைச் சுவரில் மாட்டுவதில்லை என்று உங்கள் மருமகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், உங்களுக்கும் கொடுக்கிறேன்.

நீங்கள் வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதுங்கள். துப்பாக்கி பெட்டியிலேயே இருக்கட்டும், நான் தொலைநோக்கியோடு மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அதில் எனக்கு வருத்தம் இருக்காது.

சரி என்றால், ஒன்று கேட்க வேண்டும். புல்மலையில் மூடுபனி இறங்கும்போது கூட்டம் உச்சிப் பாறைக்கு ஏறுமா, பள்ளத்துக்கு இறங்குமா? காவல் நிற்கும் பெண் ஆடு எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கும் என்றும் ஒருமுறை சொன்னீர்கள். அப்போது எனக்குப் பத்து வயது, குளிர் தாங்காமல் உங்கள் சால்வைக்குள் தூங்கிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் மூத்தவன்